பத்தொன்பதாம் பெயருக்கு நேரே

சண்டை முடிந்து ஒன்பதாவது வருஷத்தில் என் தங்கச்சியின் பெயரை இணையத்தில் கண்டோம். கண்டவள் அவளுடைய மகள், என் மருமகள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. மன்னார்த் தீவில், பேசாலையில் எங்கள் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள்.

அவள் எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி தீவுக்கு அப்பால் பெருநிலத்தில், பெரியமடுவுக்குப் போகிற வழியில் உள்ள ஒரு கிராமத்து ஆளை விரும்பி முடித்தாள். அவர் வயல் செய்பவர், சைவக்காரர். நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர், கடலை நம்பிச் சீவிப்பவர்கள். அப்பா சாகும்வரை அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு அவளோடு கோபம் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் அவள் வீட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் போனேன். அங்கே ஆட்கள் நிறைய. எனக்குப் புது ஆட்களோடு கதைக்க வராது. கிணற்றடியில் நின்றுவிட்டு வந்தேன். அவள்தான் கோயில் திருநாளுக்கு அரிசி மூட்டையோடு பஸ்ஸில் வருவாள். "அண்ணை, நீங்கள் எப்ப வருவியள்?" என்று கேட்பாள். "வாறன்" என்பேன்.

பிள்ளைக்கு நாலு வயதில் இழுப்பு வந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் காட்டி, எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, அறுவடை முடிய வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிப் போனாள். அதற்குள் சண்டையால் பாதை பூட்டுப்பட்டுவிட்டது. இரண்டு கடிதம் வந்தது. பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கிழக்கே நகர்ந்து போனார்கள் என்று கேள்விப்பட்டோம். அவளுடைய புருஷன் செல் குண்டு பட்டு இறந்ததை முகாமுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவளைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் கடைசி நாள்வரை கண்டேன் என்றார். ஒருவர் அதற்கு ஒரு மாதம் முன்பே காணவில்லை என்றார். இன்னொருவர் பஸ்ஸில் ஏறக் கண்டேன் என்றார். எந்தப் பஸ், எங்கே போன பஸ் என்று அவருக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடப் பாடங்களுக்கு என்று பழைய போன் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மருமகள் அதில் முதலில் தேடியது தாயின் ஊரை. மீளக் குடியேறிய அந்த ஊரில் பெண்கள் தங்கள் பழைய மாதர் சங்கத்தைத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். இணையத்தில் சங்கத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. தையல் மெசின் கொடுத்த படம், கயிறிழுத்த படம், பொங்கல் பானையைச் சுற்றி நின்ற படம். அவற்றின் நடுவே, பொதுநோக்கு மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்த வரவு மட்டையின் படமும் இருந்தது. அங்கத்தவர் பெயர், கணவர் பெயர், அதற்கு நேரே ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் ஒரு பெட்டி.

"மாமா, பத்தொன்பதை வாசியுங்கோ."

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். தங்கச்சியின் பெயர். பக்கத்தில் அவளுடைய புருஷனின் பெயர். அப்படி இரண்டு பெயரும் சேர்ந்த இன்னொரு குடும்பம் அந்த ஊரில் இருக்க வழியில்லை. அந்தப் பெயருக்கு நேரே பதினொரு பெட்டிகளிலும் நீல மையில் சரி போட்டிருந்தது. வராதவர்களுக்குச் சிவப்பில் சைபர். தலைவிக்குக்கூட இரண்டு சைபர் விழுந்திருந்தது. தங்கச்சிக்கு ஒன்றும் இல்லை. மட்டையின் தலைப்பில் இருந்தது நாங்கள் பார்த்த அதே வருஷம்தான்.

"அம்மா ஒரு கூட்டமும் விடேல்ல மாமா," என்றாள் மருமகள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

என் மனைவி குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, உயிரோட இருக்கிறவள் பெத்த பிள்ளையைத் தேடி வராமல் கூட்டத்துக்கோ போவாள்?"

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். தங்கச்சி இல்லை என்று தெரியவந்தால் பிள்ளை உடைந்துபோவாள். இருக்கிறாள் என்று தெரியவந்தால், தாய் தன்னை வேண்டாம் என்று விட்டாள் என்பதைப் பிள்ளை சுமக்க வேண்டும். எது பெரிய பாரம் என்று எனக்கு நிறுக்கத் தெரியவில்லை.

அடுத்த நாலு மாதம் மருமகள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்தாள். மட்டையில் பெயர்கள் இருபத்தாறு. குழுவாக எடுத்த படத்தில் முகங்கள் இருபத்தொன்று. அதை எண்ணி, எந்த முகம் என்று தேடினாள். எங்களிடம் தங்கச்சியின் படம் என்று இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் ஒன்றுதான். அதைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, காதைப் பார்ப்பாள், வகிட்டைப் பார்ப்பாள். திங்கட்கிழமை பின்வரிசையில் பாதி மறைந்து நிற்கிற பெண்தான் அம்மா. புதன்கிழமை, இல்லை மாமா, இந்தக் கண்ணாடி போட்டவ. ஒருநாள் படத்தில் ஓரமாக ஒரு கை மட்டும் வந்திருந்தது. அந்தக் கைதான் என்று சாதித்தாள்.

அந்தப் பக்கத்துக்குத் தகவல் ஒன்று அனுப்பினாள். தன் பெயர், தாயின் பெயர், எங்கள் விலாசம். அனுப்பிய கையோடு பதில் வந்தது: உங்கள் தகவலுக்கு நன்றி, விரைவில் தொடர்பு கொள்வோம். அவள் எழும்பித் துள்ளினாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் ஒரு சினேகிதி, அது ஆள் எழுதுகிற பதில் இல்லை, எல்லாருக்கும் தானாகப் போகிறது என்று சொல்லிவிட்டாள். பிறகு மட்டையின் படத்துக்குக் கீழே, பத்தொன்பதாம் இலக்கக்காரர் யார் என்று கேட்டு எழுதினாள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் 'எங்கள் ஊர்ப் பெண்கள் வாழ்க' என்று எழுதினார். யாரோ ஒருவர் பெருவிரல் படம் போட்டார். முகத்துக்குப் பதிலாகச் செவ்வரத்தம்பூ வைத்திருந்த ஒருவர், 'நல்ல மனிசி' என்று எழுதினார். அதை மருமகள் எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினாள்.

வீட்டுக்குள்ளும் ஏதோ மாறிவிட்டது. வாசல் படலை அசைந்தால் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். பெரும்பாலும் ஆடுதான். நான் கருவாட்டு வாடியில் மீனுக்கு உப்புப் போடுகிறவன். வரிசையாகப் பாய் விரித்து அதில் பெண்கள் குனிந்து மீன் பரப்புவார்கள். முன்பெல்லாம் அவர்களை நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இப்போது முதுகு காட்டி நிற்கிற ஒவ்வொரு பெண்ணும் திரும்பும்வரை கையில் உப்போடு நின்றேன். "என்ன அண்ணை, எங்களையும் சேர்த்து உப்புப் போடப் போறியளோ?" என்று ஒருத்தி கேட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

மருமகளும் மாறினாள். முதல் மாதம் சிரித்துக்கொண்டு தேடினாள். நாலாம் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தேடினாள். சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டென்று வைத்தாள். கோயிலில் தாய்க்காகச் செபம் சொல்லச் சொன்னால், வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் மனைவி சொன்னாள்: "போனுக்குள்ள துளாவினது காணும். நேரில போய்க் கேளுங்கோ."

"நானோ?"

"பின்ன ஆர்? எனக்கு இந்தக் காலோட ரண்டு பஸ் மாறி ஏற ஏலுமோ? நான் போனால் கதிரை போட்டு இருத்திக் கதைப்பினம். நீங்கள் மதிலோட மதிலா நிண்டுபோட்டு வருவியள். தெரியும். எண்டாலும் உங்கட கூடப்பிறந்தவள்."

போனேன். மன்னாரில் பஸ் மாறி, சந்தியில் இறங்கி, மூன்று கட்டை தூரம் நடந்தேன். ஒரே மாதிரியான கல்வீடுகள், தகரக் கூரை, சுவரில் இலக்கம். முன்பு நான் நின்ற கிணறு எந்த இடம் என்று தெரியவில்லை. மண்டபம் பூட்டியிருந்தது. யன்னலுக்குள்ளால் பார்த்தால் அந்த மட்டை தெரிந்தது, பெயர்கள் தெரியவில்லை. பக்கத்து வளவில் இரண்டு பெண்கள் வேலி அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆரைத் தேடுறியள் அண்ணை?"

தங்கச்சியின் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "மாடு ஒண்டு," என்றேன். "விலைக்கு இருந்தால்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் பரம்பரையிலேயே மாடு வைத்திருந்தவர் இல்லை. அவர்கள் நல்ல மனதோடு வேலியை விட்டுவிட்டு, என்னை மூன்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று வீட்டிலும் மாட்டைச் சுற்றி நடந்தேன். ஒரு மாட்டின் வாயைப் பிடித்துப் பல்லைப் பார்த்தேன். "எத்தினை பல்லு சொல்லுங்கோ பாப்பம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "நிறைய," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என் கவனம் மாட்டில் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் பின்வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தாள். தோள் சரிவு தங்கச்சிபோலவே இருந்தது. அவள் சுளகை நிலத்தில் வைத்துத் திரும்பினாள். சின்னப் பெண், இருபது வயதுகூட இருக்காது. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததும், இத்தனை வருஷம் போனதை மறந்து, அந்த வயதுத் தங்கச்சியைத்தான்.

வீட்டுக்கு வந்து மண்டபம் பூட்டு என்று சொன்னேன்.

"ஒருத்தரையும் கேக்கேல்லையோ மாமா?"

"இல்லை."

"போனும் கதைக்காது, மாமாவும் கதைக்கமாட்டார்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அது என்னைச் சுட்டது.

பௌர்ணமிக்கு வருகிற போயா நாட்களில் காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. வந்த போயாவுக்கு முதல் பஸ்ஸில் வெளிக்கிட்டேன். தானும் வாறன் என்று மருமகள் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்றேன். அங்கே தங்கச்சி இருந்தால், ஏன் வரவில்லை என்பதை முதலில் நான் தனியாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பதில் பிள்ளையின் காதில் எடுத்த எடுப்பில் விழக்கூடாது.

நான் போனபோது கூட்டம் தொடங்கிவிட்டது. மண்டபத்துக்கு வெளியே, வேப்பமரத்துப் பக்கத்து யன்னலோடு நின்றேன். பெண்கள் எனக்கு முதுகைக் காட்டிப் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். தேவாரம் பாடி முடிந்ததும், செயலாளர் கொப்பியை விரித்துப் பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

"வந்தனான்."

"வந்தனான்."

"வந்தனான். ஆனா கெதியாப் போயிடுவன், நெல்லு அவிய விட்டிட்டு வந்தனான்."

"நீ எப்பவும் எதையாவது அவிய விட்டிட்டுத்தான் வாறனீ," என்று யாரோ சொல்ல, சிரித்தார்கள்.

நான் விரல் மடக்கி எண்ணினேன். பதினேழு, பதினெட்டு. பிறகு என் தங்கச்சியின் பெயர். வேறு ஆளின் வாயால் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை வருஷம்.

"வந்தனான்."

தாழ்ந்த குரல். உடனே வந்தது. நான் யன்னல் கம்பியைப் பிடித்தேன். யார் சொன்னது என்று முதுகுகளில் தேடினேன். ஒரு முதுகும் அசையவில்லை. செயலாளர் குனிந்து ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவள் உள்ளே இருக்கிறாள். பத்து முழத் தூரத்தில் இருக்கிறாள். பிள்ளையைக் கூட்டி வந்திருக்கலாமே என்று நினைத்தேன். அதே நேரத்தில் அவள்மேல் எனக்குக் கோபமும் வந்தது.

வாசலால் உள்ளே போனேன். இருபது பெண்கள் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"அட, மாடு பாக்க வந்த அண்ணையெல்லோ இவர்!" என்றாள் வேலி அடைத்தவள். "மாடு அம்பிட்டுதோ அண்ணை?"

"பல்லு எண்ணி முடியேல்லப்போல," என்றாள் மற்றவள்.

சிரிப்பு முடியும்வரை நின்றேன். பிறகு தங்கச்சியின் பெயரைச் சொன்னேன். "நான் அவவின்ர அண்ணன். பேசாலை," என்றேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் முகம் அங்கே இல்லை.

சிரிப்பு அப்படியே நின்றது. எல்லாரும் மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு வயதான பெண்ணைப் பார்த்தார்கள். அவர் மடியில் வைத்திருந்த பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். நரைத்த தலை. பச்சைச் சீலை.

"நான்தான் சொன்னது தம்பி," என்றார். "வாரும் வெளியில."

தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று கதைத்தோம். அவர் தங்கச்சியின் பக்கத்து வீடு, வேலிக்காரி. ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் நடந்திருக்கிறார்கள். புருஷனைப் புதைத்த பிறகு தங்கச்சி இவரோடுதான் ஒரே பங்கர்க் குழிக்குள் படுத்திருக்கிறாள்.

"கஞ்சி குடுத்தவை. வரிசையில நிண்டனாங்கள். எனக்குப் பின்னால உம்மட தங்கச்சி. நிண்டு நிண்டு கிட்ட வந்த பிறகுதான் பாத்தா, கையில பாத்திரம் இல்லை. பங்கருக்குள்ள விட்டிட்டு வந்திட்டா. 'அக்கா, என்ர இடத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ, எடுத்துக்கொண்டு ஓடி வாறன்' எண்டிட்டுப் போனவ."

அவர் சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"செல் வந்தது. எல்லாரும் சிதறிப்போச்சினம். அடங்கின பிறகு திரும்ப வரிசை கட்டினம். நான் பின்னால ஒரு ஆளின்ர இடம் விட்டுத்தான் நிண்டனான். பின்னுக்கு நிண்டவன் ஏசினான், ஆளில்லாமல் ஏனணை இடம் விடுறாய் எண்டு. ஆள் வரும், பொறு எண்டனான். கஞ்சி முடிஞ்சுது. வரேல்ல."

"பங்கர்?"

"மண் மூடிக் கிடந்தது. கையால கிண்டினனான். அடிவரைக்கும் கிண்ட ஏலேல்ல. உள்ளுக்க இருந்தாவோ, போற வழியில வேற எங்கையும் ஓடினாவோ, தெரியாது தம்பி. பிரேதம் காணேல்ல. காணாததைக் கண்டனான் எண்டு சொல்லமாட்டன்."

ஊருக்குத் திரும்பி வந்ததும் முதல் கூட்டம் ஒரு புளிய மரத்துக்குக் கீழே நடந்ததாம். பழைய கொப்பி தொலைந்துவிட்டது. நினைவிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதினார்கள். எழுதி முடிந்து கூப்பிட்டபோது ஐந்து பெயர்களுக்குப் பதில் வரவில்லை. முதல் பெயருக்கே எல்லாரும் அழத் தொடங்கிவிட்டார்கள். தங்கச்சியின் பெயர் வந்தபோது இவர் 'வந்தனான்' என்று சொன்னார். தானாக வாயில் வந்தது என்றார். பிறகு மற்ற நாலு பேருக்கும் யாரோ ஒருவர் சொன்னார்கள். அது வழக்கமாகிவிட்டது.

தலைவியும் வெளியே வந்து எங்களோடு நின்றார். "ஒண்டையும் ஒளிக்கக்கூடாது அண்ணை. மூண்டு கூட்டம் வராட்டில் பெயரை வெட்டவேணும், அது சங்கத்தின்ர விதி. ஆர் வெட்டுறது? வெட்டினால் செத்திட்டா எண்டு நாங்கள் சொன்னமாதிரி. இருபத்தைஞ்சு பேர் இல்லாட்டில் சங்கத்தைப் பதிய ஏலாது எண்டும் அரசாங்கக் கந்தோரில சொன்னவை. அதுவும் ஒரு காரணம்தான். முதல் காரணம் அதில்லை."

"எங்களுக்கு ஒரு சொல்லு அறிவிச்சிருக்கலாம்," என்றேன்.

"எங்கை அறிவிக்கிறது?" என்றார் வேலிக்காரி. அவர் குரலில் கோபம் இல்லை. "கடற்கரைப் பக்கம், வேதக்கார ஆக்கள், பிள்ளை அங்கை நிக்குது. இவ்வளவும்தான் தெரியும். நீர் ஒருநாளும் வந்து எங்களோட இருந்து கதைச்சதில்லையே."

"இணையத்தில பிள்ளை எழுதிக் கேட்டவள்."

தலைவி நெற்றியில் கையை வைத்தார். "அதில படம் போடத்தான் எங்களுக்குப் பழக்கினவை. வாறதை எங்கை பாக்கிறதெண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது."

பிறகு அவர் கேட்டார்: "உரித்துக்காரர் வந்திட்டியள். நீங்களே சொல்லுங்கோ. பெயரை வெட்டுறதோ, விடுறதோ?"

"இருக்கட்டும்," என்றேன். "இப்பிடியே இருக்கட்டும்."

அந்தப் பெண்மணி இத்தனை வருஷம் சொன்ன சொல்லை நான் ஒரு காலைக்குள் நிறுத்துவதா என்று நினைத்தேன். நல்லது செய்தேன் என்ற நினைப்போடுதான் பஸ் ஏறினேன்.

மருமகள் பஸ் நிற்கிற இடத்திலேயே காத்திருந்தாள். வீட்டுக்கு வந்து மூன்று பேரும் இருந்தோம். வழியெல்லாம் யோசித்து வைத்த மெத்தென்ற சொற்கள் எதுவும் வரவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். கஞ்சி, பாத்திரம், செல், மூடிய பங்கர். மனைவி அழுதாள். மருமகள் அழவில்லை.

"அப்ப அந்தப் பதினொரு சரியும்?"

"அந்த மனிசி சொன்னது."

"பெயரை என்ன செய்யிறதெண்டு கேட்டவையோ?"

"கேட்டவை. இப்பிடியே இருக்கட்டும் எண்டனான்."

அவள் எழும்பினாள். அவளுடைய முகம் சிவந்திருந்தது.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள் மாமா? நாலு மாதமா நான் அந்தச் சரியைப் பாத்துக்கொண்டு இருந்தனான். அம்மா ஒவ்வொரு மாதமும் சீலை கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போறா, என்னட்டை வர மட்டும் அவவுக்கு நேரமில்லை எண்டு. கோயில்ல அவவுக்குச் செபம் சொல்லேல்ல. அவ செத்திருந்தால் நல்லதெண்டுகூட ஒருநாள் நினைச்சனான். அம்மா அந்தப் பாத்திரத்தை எடுக்கப் போய்த் திரும்பி வரேல்ல. வராதவவுக்கு வந்தவ எண்டு போட்டால், அது அம்மாவில போடுற பழி."

மனைவி அவளைப் பிடிக்கப் போனாள். அவள் விடவில்லை. நான் பயந்துகொண்டிருந்த இரண்டு பாரங்களில் ஒன்றை அவள் நாலு மாதமாகத் தனியாகச் சுமந்திருக்கிறாள். அதே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த போயாவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டப வாசலில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "தாயை உரிச்சு வைச்சமாதிரி" என்றாள் ஒருத்தி. "மூக்கு மட்டும் தேப்பன்" என்றாள் இன்னொருத்தி. யாரோ தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். நெல் அவிய விட்டுவிட்டு வருகிற பெண், தங்கச்சி கயிறிழுத்த போட்டியில் விழுந்து எழும்பிய கதையைச் சொன்னாள். தாயைப் பற்றி இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கதைத்து மருமகள் கேட்டதில்லை. தேத்தண்ணியைக் குடிக்க மறந்துபோய் நின்றாள்.

வேலிக்காரி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகள்தான் முதலில் கதைத்தாள்.

"பெரியம்மா, அம்மாவின்ர பெயர் இருக்கட்டும். ஆனா நீங்கள் இனிப் பதில் சொல்லாதேங்கோ."

"அப்ப சைபர் போடச் சொல்லுறியோ பிள்ளை? மூண்டு சைபர் விழுந்தால் பெயர் போயிடும்."

"சைபரும் வேண்டாம். ஒண்டும் போடாமல் விடுங்கோ."

"அப்பிடி ஒரு வழக்கம் இல்லையே," என்றார் செயலாளர்.

"இல்லாட்டில் என்ன, இண்டைக்குத் தொடங்குவம்," என்றார் தலைவி.

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் சத்தமாகச் சொன்னார்: "என்ர மகளுக்கு நான் சொல்லிக்கொண்டுதான் இருப்பன். அதை ஆரும் தடுக்கேலாது." காணாமல் போன ஐந்து பேரில் ஒருத்தியின் தாய் அவர். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. மருமகளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலிக்காரி அவளுடைய கையை விடவில்லை. "ஓடி வாறன் எண்டு சொன்னவ பிள்ளை," என்றார்.

"தெரியும் பெரியம்மா. மாமா சொன்னவர்."

"இடத்தைப் பாத்துக்கொள்ளச் சொன்னவ."

"பாத்தனீங்கள்தானே," என்றாள் மருமகள்.

பிறகு கூட்டம் தொடங்கியது. எனக்கு வாசலோடு ஒரு கதிரை போட்டார்கள். மருமகள் மூன்றாம் வரிசையில், வேலிக்காரிக்குப் பக்கத்தில் இருந்தாள். பெயர்கள் வந்தன. அந்தத் தாய் தன் மகளின் பெயருக்கு 'வந்தனான்' என்று சொன்னார். குரல் உடையவில்லை. செயலாளர் அதற்குச் சரி போட்டார்.

பதினெட்டாம் பெயர் முடிந்தது. என் தங்கச்சியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வேலிக்காரியின் தோள் முன்னுக்கு அசைந்தது. அவர் சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். செயலாளரின் பேனை பெட்டிக்கு மேலே தூக்கியபடி நின்றது. மண்டபத்துக்குள் ஒரு கதிரைகூடக் கிரீச்சிடவில்லை. வெளியே எங்கேயோ ஒரு மாடு கத்தியது. நான் என்னை அறியாமல் வாசலுக்கு வெளியே பார்த்தேன். மருமகளும் பார்த்தாள். பிறகு பார்த்தால், எல்லாரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் பேனையைத் தூக்கியபடியே அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோய், இருபதாம் பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பெயர்க்காரி என் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குத் தன் பெயர் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட வேண்டியிருந்தது.